நான்கு எலுமிச்சம்பழங்களும் ஓர் ஐந்நூறு மீட்டரும்

நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.40க்கு எழுந்தேன். அலாரம் 4.45க்கு வைத்திருந்தது, அதை அடிக்கவிடாமல் நிறுத்துவது என் பழக்கம். சீனி குறைத்த தேநீர் ஒரு கோப்பை, காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் தடவாத ரொட்டி இரண்டு துண்டு. போட்டி நாளில் இனிப்பு வேண்டாம் என்று யாமினியிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் காயா தடவிக்கொள்வது முறையல்ல. 5.15க்குப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டினேன். 5.48க்கு, ஸ்ரீ கெம்பாங்கானைத் தாண்டி இருக்கும் பேரங்காடியின் பின்வாசலில் காரை நிறுத்தினேன். மழை இல்லை. பனித்தளத்தின் வெப்பமானி சுழியத்துக்குக் கீழே ஏழு காட்டியது.

இந்த வரிகளை என் நாட்குறிப்பிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன். அன்று ஒழுங்காக நடந்தவை இவை மட்டுமே என்பதால் விட மனமில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் வலது கணுக்காலைப் பற்றி எழுதியதற்குப் பதினான்கு வாசகர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். பதினொரு பேர் எண்ணெய் சொல்லியிருந்தார்கள். இருவர் என் ஜாதகத்தைக் கேட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், "நம் நாட்டில்தான் பனியே இல்லையே, நீங்கள் எங்கே சறுக்கினீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பேரங்காடியின் கீழ்த்தளத்தில், காலணிக் கடைக்கும் கோழி வறுக்கும் கடைக்கும் நடுவில். என் விளையாட்டு வாழ்க்கை முழுவதும் கோழி மணத்தில்தான் கழிந்தது.

யாமினி என் மாணவி. கிள்ளான்காரி, இருபத்துமூன்று வயது, துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை. அன்று அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஐந்நூறு மீட்டரை நாற்பத்தொன்பது விநாடிக்குள் முடிப்பது. முடித்தால் வட்டாரப் போட்டிக்கான பட்டியலில் பெயர் வரும். முடிக்காவிட்டால் வராது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நடுவர் அம்மையாரின் முன்னால் ஓடினால்தான் அந்த நேரம் செல்லும். அவருக்கு மதியம் விமானம். பட்டியல் மாலையில் மூடப்படும்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் ஒன்பதிலிருந்து பத்து. பத்து மணிக்குப் பேரங்காடி திறந்ததும், பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைகள் பிளாஸ்டிக் பெங்குவின்களைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் வந்துவிடுவார்கள். பெங்குவினை எதிர்த்து எந்த நடுவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

குச்சி இல்லாத படம்

பிளேடு வைத்த காலணியோடு பனியில் வேகமாக ஓடும் எங்கள் விளையாட்டுக்குத் தமிழில் பனிச்சறுக்கு என்று பெயர். இரண்டு நீளக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்குவதற்கும் அதே பெயர். பாவாடை சுழல ஒற்றைக் காலில் ஆடுவதற்கும் அதே பெயர். ஒரே சொல்லை மூன்று விளையாட்டுக்குக் கொடுத்துவிட்டால், பேனர் அடிப்பவர் என்ன செய்வார் பாவம்?

எங்கள் வட்டார வணிகர்கள் சேர்ந்து ஒரு நற்பணி மன்றம் நடத்துகிறார்கள். முன்பு ஒருமுறை எனக்குப் பாராட்டு விழா எடுத்தபோது, இரண்டு குச்சிகளை ஊன்றி மலையிறங்கும் வெள்ளைக்கார ஆணின் உடலில் என் தலையை ஒட்டியிருந்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பேனரில் குச்சி இல்லை. கால் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் ஒரு நடனப் பெண்ணின் உடல். நான் முன்னேறிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு விழா நடந்தால் என் உடலே எனக்குக் கிடைக்கக்கூடும்.

மன்றத்தின் தலைவரை, அரண்மனை அவருக்குத் தந்த பட்டத்தைச் சொல்லி, நாங்கள் எல்லாரும் டத்தோ என்றே கூப்பிடுவோம். அவர் பெயரை அழைப்பிதழில் மட்டும் பார்க்கலாம்.

கேலியை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்கிறேன். பனியைச் செதுக்கி, சுடுநீர் ஊற்றி, கண்ணாடி போல ஆக்கும் வண்டி ஒன்று எங்கள் தளத்தில் இருந்தது. அது போன வருடம் ஓய்ந்துவிட்டது. குளிர் நாடு ஒன்றிலிருந்து, பழையதுதான் என்றாலும் நல்ல வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தது இந்த மன்றம். வேறு யாரும் கொடுக்கவில்லை. அந்த வண்டி வராதிருந்தால் யாமினிக்கு அன்று ஓட்டமே இல்லை.

ஒப்படைப்பு விழாவையும் அதே காலையில் வைத்ததுதான் சிக்கல்.

"வேற நாள் வெச்சுக்கலாமே டத்தோ," என்று இரண்டு வாரம் முன்பே கேட்டேன்.

"அமுதாம்மா, வெளிநாட்டு நடுவர் வர்ற நாள்ல வெச்சாத்தானே போட்டோவுக்கு நல்லா இருக்கும்? பதினஞ்சே நிமிஷம்லா. ப்ராமிஸ்."

நான் சாம்பியன் ஆன விதம்

மேடையில் என்னை அறிமுகப்படுத்திய மன்றச் செயலாளர், "ஆசியாவையே உறைய வைத்த அமுதா" என்றார். இரண்டே வார்த்தை பேசுவதாகச் சொல்லி எழுந்தவர் ஏழு நிமிடம் பேசினார். நான் பந்தயங்களில் ஓடிய நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு மணி நேரம் வராது. எனக்காகப் பேசப்பட்ட நேரம் அதைத் தாண்டிப் பல வருடங்கள் ஆகின்றன.

உண்மையை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். நான் தேசிய சாம்பியன் ஆன இறுதிப் பந்தயத்தில் மொத்தம் நான்கு பேர். ஒருத்தி துப்பாக்கி வெடிக்குமுன் இரண்டு முறை கிளம்பி வெளியேற்றப்பட்டாள். மற்ற இருவரும் முதல் வளைவில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு விழுந்து, தடுப்பு மெத்தைக்குள் போய்விட்டார்கள். மீதி நாலு சுற்றையும் நான் தனியாக ஓடினேன். யாருமே இல்லாத பனியில் முழு வேகத்தில் போவது எவ்வளவு கடினம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்போது நான் கிள்ளானில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்பது வேலை. ஒழுகினால் அட்டவணையில் காரணம் எழுத வேண்டும். "காரணம் தெரியவில்லை" என்று எழுத அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. எதையும் எழுதி வைக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான்.

அடுத்து ஒரு வெளிநாட்டுப் போட்டிக்குப் போனேன். கடைசிக்கு முந்திய இடம். கடைசியாக வந்த பெண்ணுக்குப் பாதி வழியில் பிளேடு கழன்றுவிட்டது. ஆசியா உறைந்ததா என்று எனக்குத் தெரியாது. என் விரல்கள் உறைந்தன.

எந்த ஊர் நாட்காட்டி?

விழா 7.45க்கு என்று அழைப்பிதழ் சொன்னது. நாட்காட்டியில் நல்ல நேரம் 7.45 முதல் 8.45 வரை. டத்தோ 8.20க்கு வந்தார்.

"சீக்கிரம் ஆரம்பிக்கலாமா டத்தோ? ஒம்பதுக்கு ஐஸ் ரெடியா இருக்கணும்," என்றேன்.

அப்போது மகளிர் அணித் தலைவி லோகா அக்கா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "இது ஊர்ல, தமிழ்நாட்டுல அடிச்ச காலண்டர் டத்தோ. அங்க ஆறு மணிக்கே சூரியன் வந்துரும். நம்ம சூரியன் ஏழுக்குத்தான் எந்திரிக்குது. ஒரு மணி நேரம் கூட்ட வேணாமா?"

இதைப் பற்றிப் பதினொரு நிமிடம் பேசினார்கள். முடிவில் ஒரு மணி நேரம் கூட்டுவது என்று தீர்மானமானது. அதன்படி நல்ல நேரம் ஆரம்பிப்பதே 8.45க்குத்தான். முப்பத்தைந்து நிமிடம் தாமதமாக வந்திருந்த டத்தோ, ஒரே நொடியில் இருபத்தைந்து நிமிடம் முன்கூட்டி வந்தவராகிவிட்டார்.

"பாத்தீங்களா, நான்தான் ஃபர்ஸ்ட்டு," என்றார் சந்தோஷமாக.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நடுவர் அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் பார்க்கும் பொறுப்பிலிருந்த கோச் லிம், எனக்குக் கைகாட்டி என்ன என்று கேட்டார். சூரியன் இன்னும் வரவில்லை என்று சீனரான லிம்முக்கு எந்த மொழியில் விளக்குவது?

வண்டி ஓட்டுபவர் ராஜு அண்ணன். செந்தூல்காரர், முப்பது வருடம் லோரி ஓட்டிவிட்டு இங்கே வந்தவர். அன்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தார், மேலே பனித்தள ஊழியருக்கான குளிர்ச் சட்டை. வண்டிக்கு மாலை போட்டாகிவிட்டது. சந்தனம் வைத்தாகிவிட்டது. நான் பார்க்கும்போது அவர் கையில் குங்குமம் தடவிய நான்கு எலுமிச்சம்பழங்களோடு பனி மேல் குனிந்திருந்தார்.

"அண்ணே! ஐஸ் மேல வேணாம்!"

"பழம் வெக்காம புது வண்டிய எடுக்கிறதா கோச்சம்மா?"

"இது பழைய வண்டிண்ணே."

"நமக்குப் புதுசுலா. நான் ஓட்டின லோரியிலயே, பழம் வெக்காம எடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். அது ரவாங்ல கவுந்துச்சு."

டத்தோ இடையில் வந்தார். "அமுதாம்மா, அவரு மனசு நோகக்கூடாது. ஓட்டுறவர் மனசு சரியில்லைன்னா ஐஸும் சரியா வராது."

நான் நான்கு நிபந்தனை போட்டேன். பழங்களை வாசலில் உள்ள ரப்பர் விரிப்பின் மேல் மட்டும் வைக்க வேண்டும். குத்துவிளக்கு மேசை மேல் நிற்க வேண்டும். தேங்காயைக் கார் நிறுத்துமிடத்தில் உடைக்க வேண்டும். பனி மேல் பூ தூவக் கூடாது. அவர்கள் நான்கையும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

8.45க்கு வண்டி நகர்ந்தது. நான்கு டயர்களும் நான்கு பழங்களை நசுக்கின. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பனி வண்டியின் டயரில் வழுக்காமலிருக்க இரும்பு ஆணிகள் இருக்கும். அது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அன்று 8.45க்குத் தெரியவில்லை.

வலமும் இடமும்

எங்கள் பந்தயம் முழுவதும் இடப்பக்கமாகவே சுற்றுவது. நான்கரைச் சுற்று, எல்லா வளைவும் இடது. என் மாமியார் ஒரே ஒருமுறை என் பந்தயத்தைப் பார்க்க வந்தார். "கோயில சுத்துற மாதிரி சுத்தினா என்னவாம்? இப்படி எதிர்ப்பக்கமா சுத்தினா எப்படி வெளங்கும்?" என்றார். வெளிநாட்டில் நான் தோற்றதற்கு இன்றுவரை யாரும் இதைவிடத் தெளிவான விளக்கம் தந்ததில்லை.

ராஜு அண்ணன் பனியை அருமையாகச் செதுக்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டியும் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. கடைசிக் கோட்டையும் முடித்து, வண்டியின் பின்னால் பனியை உரசிவரும் தண்ணீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பும்போது, டத்தோ ஒலிவாங்கியில் கூப்பிட்டார்.

"ராஜு! மொத வண்டி! ஒரு சுத்து வலமா வந்துருப்பா!"

அவர் வந்தார். ஈரம் காயாத பனியில், தட்டைத் தூக்கியபடி, ஒரு முழுச் சுற்று, வலமாக. மாலை அசைந்தது. எல்லாரும் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். ஆணிகளுக்கு நடுவே சிக்கியிருந்தது எதுவோ, அது தூர வளைவில் விழுந்து, ஈரத்தில் அமிழ்ந்து, சமர்த்தாக உறைந்துகொண்டது.

9.14க்கு யாமினி கோட்டில் நின்றாள். தனி ஓட்டம். துப்பாக்கி வெடித்தது. முதல் அரைச் சுற்று நான் அவளிடம் பார்த்த மிக நல்ல அரைச் சுற்று. இரண்டாம் சுற்று முடிவில் என் கடிகாரம் எங்கள் கணக்கைவிட முன்னாலிருந்தது. நான் பயிற்சியாளர் கட்டத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சுற்று, தூர வளைவு. இடது காலின் பிளேடு ஏதோ ஒன்றின் மேல் ஏறியது. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவள் இடுப்பில் விழுந்து, வளைவைக் காட்ட வைத்திருந்த கருப்பு ரப்பர்க் குறிகளை வாரிக்கொண்டு மெத்தையில் போய் முட்டினாள்.

முதலில் ஓடியவர் நடுவர்தான். பனியில் சிவப்பாக ஏதோ இருப்பதைப் பார்த்து, ரத்தம் என்று முதலுதவிக்காரரைக் கூப்பிட்டார். யாமினி எழுந்து உட்கார்ந்து, அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"குங்குமம் கோச்," என்றாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றே முக்கால்

நடுவர் தன் சாவியால் நெம்பி எடுத்தது கட்டைவிரல் நக அளவு பச்சைத் தோல். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டார்.

"லெமன்," என்றார் டத்தோ.

ஏன் என்று கேட்டார் நடுவர்.

டத்தோ என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன். நடுவர் முழுவதையும் கேட்டுவிட்டு, எத்தனை பழம் என்று மட்டும் கேட்டார். நான்கு. அப்படியானால் நான்கும் தன் முன்னால் வந்தாக வேண்டும், ஒரு துண்டு பனியில் இருந்தாலும் யாரையும் ஓடவிட மாட்டேன் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

லோகா அக்கா விளக்கடியிலிருந்த தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். ராஜு அண்ணன் விரிப்பிலிருந்து தோல்களை வழித்தெடுத்தார். பட்டுப்புடவை கட்டிய நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து, நசுங்கிய எலுமிச்சம்பழங்களை உடைந்த கிண்ணத்தை ஒட்டுவது போலப் பொருத்தினார்கள்.

"இது ரெண்டாவதோட தலைடி."

"காம்பு இருக்கு பாரு, அது மூணாவது."

"கொட்டையுமா எண்ணணும்? வெளிநாட்டுக்காரி கேப்பாளோ?"

மூன்று பழங்கள் முழுமையாக வந்தன. நான்காவது முக்கால்தான் வந்தது. நடுவர் கையிலிருந்ததை அதில் வைத்தபோது இன்னும் ஒரு துண்டுக்கு இடம் மிச்சமிருந்தது. ராஜு அண்ணன் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, இடது முன் டயரின் ஆணிக்கிடையிலிருந்து அதை நெம்பி எடுத்தார். வேட்டியெல்லாம் கரி. துண்டு சரியாகப் பொருந்தியது. மணி 9.33.

படிவம்

நடுவர் ஒரு படிவத்தை நீட்டினார். விதியை நிதானமாக விளக்கினார். பனியில்தான் குறை என்று நான் எழுதினால், அந்தத் தளத்தில் அன்று எந்த நேரமும் செல்லாது. யாமினி வீட்டுக்குப் போகலாம். வெளிப்பொருள் என்று எழுதினால் அவள் இன்னொரு முறை ஓடலாம். ஆனால் என்ன பொருள், எப்படி வந்தது என்று எழுத வேண்டும். தெரியாது என்று எழுதினால் முழுத் தளத்தையும் சோதிக்க வேண்டும். பத்து மணிக்குள் அது நடக்காது. அணியின் பொறுப்பாளர் ஒருவர் அனுமதித்து வந்த பொருள் என்றால், அந்தப் பொறுப்பாளர் அன்றும், அடுத்து வரும் போட்டியிலும் பயிற்சியாளர் கட்டத்தில் நிற்க முடியாது.

அடுத்து வரும் போட்டிதான் வட்டாரப் போட்டி.

டத்தோ என்னை ஓரமாக அழைத்தார். "குப்பைன்னு எழுதிருங்கம்மா. ரப்பிஷ். எலுமிச்சம்பழம்னு எழுதினா நம்ம மானம் போயிரும். அங்க போய் எல்லாருக்கும் காட்டுவாங்க."

"குப்பை எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே டத்தோ."

"காத்துல வந்துச்சு."

"உள்ளரங்கத்துல காத்தா?"

ராஜு அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். குரல் தாழ்ந்திருந்தது. "டிரைவர் வெச்சதுன்னு எழுதினா என் வேல போயிரும்ல கோச்சம்மா?"

"உங்களை எழுதல. சும்மா இருங்கண்ணே."

இடுப்பில் ஐஸ் பையை அழுத்திப் பிடித்தபடி யாமினி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாக்ஸ்ல இல்லாட்டி நான் ஓடமாட்டேன் கோச்."

"ஓடாட்டி நான் பாக்ஸ்ல நின்னு என்ன பண்ண? ஐஸ் துடைக்கவா?"

"விளையாடாதீங்க. இடுப்பு வேற வலிக்குது. யாரு கத்துவாங்க எனக்கு?"

"லிம் நிப்பாரு. நாப்பத்தொம்பது செகண்டுதானே. கண்ண மூடி தொறக்கிற நேரம்."

"அது உங்களுக்கு," என்றாள்.

நான் எழுதினேன். பொருள்: எலுமிச்சம்பழம், நான்கு. வந்த விதம்: புது வாகனத்துக்கான வழிபாட்டில் டயருக்கடியில் வைத்து நசுக்கப்பட்டது. அனுமதித்தவர்: பயிற்சியாளர். கையெழுத்து, தேதி, மணி 9.41. டத்தோ என் தோளுக்குப் பின்னாலிருந்து வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மன்றத்தின் பெயரை எங்கேயும் குறிப்பிடவில்லை என்று சொன்னேன். அதற்கும் அவர் முகம் வாடியது.

நடுவர் கையைக் காட்டினார். நான் தடுப்புக் கதவைத் திறந்து, கண்ணாடிச் சுவருக்கு வெளியே போனேன்.

பொன்னாடை

வெளியே எனக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் ஏழாவது அயிட்டம், "வீராங்கனைக்குச் சிறப்புச் செய்தல்". நான் மன்றத்தின் மானத்தை வாங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நிரல் அச்சடித்தாகிவிட்டது, பொன்னாடை வாங்கியாகிவிட்டது, படம் எடுப்பவர் பத்து மணிக்கு வேறொரு சடங்குக்குப் போக வேண்டும்.

"இந்தப் பக்கம் திரும்புங்கக்கா. பேனர் தெரியணும்," என்றார் படம் எடுப்பவர்.

பேனர் தெரிய வேண்டுமானால் என் முதுகு பனியைப் பார்க்க வேண்டும்.

"ஒரே ஒரு நிமிஷம் பொறுங்க தம்பி. அவ ஓடப் போறா."

"லைட் இப்பத்தான் நல்லா இருக்குக்கா."

டத்தோ பொன்னாடையை விரித்தார். அவர் அதைச் சுற்றி என் தோளில் போடும்போது பின்னால் துப்பாக்கி வெடித்தது. திரும்ப முயன்றேன். "அசையாதீங்க! சிரிங்க!" என்றார் படம் எடுப்பவர். டத்தோ என் இரு தோள்களையும் பிடித்துக்கொண்டார். அன்போடுதான் பிடித்தார்.

நான் அவர் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு வில்லையிலும் வெள்ளைத் தளம் தெரிந்தது. அதில் கடுகளவு இரண்டு யாமினிகள். ஒன்று வில்லையின் விளிம்பில் மறையும்போது இன்னொன்று மூக்குப் பக்கம் வந்தது. நான் எண்ணிக்கொண்டேன். ஒன்று, இரண்டு. தூர வளைவு. தாண்டிவிட்டாள். பதினெட்டு, பத்தொன்பது. டத்தோ எதையோ பேசிக்கொண்டிருந்தார், தமிழினம் என்ற சொல் காதில் விழுந்தது. முப்பத்தொன்று. மூன்றாம் சுற்று, அதே வளைவு. டத்தோ தலையை ஆட்டினார். இரண்டு யாமினிகளும் காணாமல் போனார்கள்.

"தலைய ஆட்டாதீங்க டத்தோ!" என்று கத்திவிட்டேன்.

அவர் பயந்துபோய் அப்படியே நின்றார். இரண்டு புள்ளிகளும் திரும்ப வந்தன. நிமிர்ந்தே இருந்தன. நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று எண்ணும்போது உள்ளே லிம்மின் குரல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. விழா நாயகியின் முகத்தில் மகிழ்ச்சி துளியும் இல்லை என்று லோகா அக்கா பிறகு குறைபட்டுக்கொண்டார்.

பொன்னாடையோடு கண்ணாடிக்கு ஓடினேன். உள்ளிருந்து லிம் மூச்சு வாங்க வந்து, ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் நேரத்தை எழுதினார். நான் வாசித்தேன்: 69.84. நான்கு விநாடி கழித்துத்தான், அவர் உள்ளிருந்து எழுதியதை நான் வெளியிலிருந்து வாசிக்கிறேன் என்று புரிந்தது.

48.96.

நூறில் நான்கு பங்கு மிச்சம். நாற்பத்தொன்பது விநாடிக்குள். பட்டியலில் பெயர் உண்டு.

யாமினி நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள். முதலில் என்னைக் கட்டிக்கொண்டாள், பிறகு பொன்னாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அதற்குப் பிறகு சண்டைக்கு வந்தாள்.

"இன்னும் நல்லா போட்டிருப்பேன் கோச்! லிம் அங்கிள் என்ன கத்தினாரு தெரியுமா? கா யாவ், கா யாவ்! எண்ணெய் ஊத்து, எண்ணெய் ஊத்துங்கறாரு! வளைவுல எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கீழ குனியணும்னே மறந்துட்டேன்."

சீனர்கள் உற்சாகப்படுத்தச் சொல்வது அது. லிம் கைகளை விரித்தார். "அமுதா, ஐ ஒன்லி நோ தட் வன் லா."

வட்டாரப் போட்டியில் என் இடத்தில் நிற்கப்போவதும் அவர்தான். என் பொறுப்பில் வேறு ஆள் இல்லை.

சரியாகப் பத்து மணிக்கு முதல் பெங்குவின் பனிக்குள் வந்தது. மாலையில் பட்டியல் வெளியானது. யாமினியின் பெயர் சரியான எழுத்துகளில் இருந்தது. பயிற்சியாளர் என்ற கட்டத்தில் லிம்மின் பெயர் இருந்தது. இரண்டையும் நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை

4.40க்கு எழுந்தேன். அன்று காலை முதல் வேலையாக, தேநீருக்கும் முன்னால், பந்தயத்தில் நான் யாமினியிடம் என்னதான் கத்துகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அதை நான் எழுதி வைத்ததே இல்லை. ஒரு தாளில் எழுதினேன். மூன்றே சொற்கள்: குனி. அமுக்கு. விடாதே. பக்கத்தில் ரோமன் எழுத்தில் உச்சரிப்பு. 5.50க்குப் பனித்தளத்தில் அந்தத் தாளை லிம்மிடம் கொடுத்து, அவரைப் பயிற்சியாளர் கட்டத்தில் நிறுத்திவிட்டு, நான் கண்ணாடிக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

யாமினி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். வளைவு வந்ததும் லிம் தாளைப் பார்த்துக் கத்தினார்.

"கூனி!"

யாமினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தடுப்பில் போய் ஒட்டிக்கொண்டாள். நான் கண்ணாடியைத் தட்டி, "குனி! ஷார்ட், ஷார்ட்!" என்றேன். லிம் தலையாட்டினார். இரண்டாவது தடவையும் கூனி. மூன்றாவது தடவை இன்னும் நீண்ட கூனி. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது தடவையும் நான் கண்ணாடியைத் தட்டினேன்.

பிறகு தட்டுவதை நிறுத்திக்கொண்டேன். ஏழாவது தடவை அவர் கத்தியதும், என் பக்கம் திரும்பிப் பார்க்காமல் யாமினி குனிந்தாள்.